ஒரே தேதியில் பிறந்தவர்கள்

என் பையில் சாப்பாட்டு டப்பா இல்லாத நாள் உண்டு. ஸ்டேப்ளர் இல்லாத நாள் கிடையாது. ஸ்டேப்ளர், கோந்து, கைநாட்டு வைக்க மை டப்பா, எந்தச் சான்றிதழாக இருந்தாலும் ஐந்து நகல். எங்கள் வட்டார வள மையத்தில் எனக்கு ‘ஜெராக்ஸ் டீச்சர்’ என்று பட்டப்பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. சிறப்பாசிரியர் என்ற பெயர்தான் பெரிதாக இருக்கிறது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றாகப் போவேன். காது கேட்காத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, மூளை வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளை என்று ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு: எந்த அட்டைக்கு எந்தப் படிவம், எந்த அலுவலகம், எந்தக் கிழமை, யார் கையெழுத்து.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். “போன வாரமே கொண்டாங்கன்னு சொன்னேன் இல்ல?” என்று தாய்மார்களிடம் கத்தியிருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எழுதப்போகும் விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிரிவலப்பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நடுநிலைப்பள்ளி. நான் முதலில் போன அன்று தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

“ஆறாம் கிளாஸ்ல ஒரு பையன் டீச்சர். கொஞ்சம் ஸ்லோ. ஃபிட்ஸ் வேற வரும். ஆனா நமக்குக் கவலை இல்ல. ரெட்டைப் புள்ளைங்க. கூடப் பொறந்தது அதே கிளாஸ்ல இருக்கு, அதுவே பார்த்துக்கும்.”

பதிவேட்டில் இருவருக்கும் ஒரே பிறந்த தேதி. வகுப்பு வாசலில் போய் நின்று பார்த்தேன். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு அவள் அவன் தோளுக்குக்கூட வரவில்லை. இரட்டை என்று சொன்னால் நம்புவதற்கு நான் என்ன நேற்றா பிறந்தேன்? ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. முதல் நாளே குடைந்தால் அடுத்த வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அவன் அவளை ‘அக்கா’ என்றான். அவள் அவனை ‘டேய்’ என்றாள். பென்சில் விழுந்தால் அக்கா, தாகம் எடுத்தால் அக்கா. ஒன்றுக்கு வந்தால் அவன் எதுவும் சொல்ல மாட்டான், காலை ஆட்டுவான். அவள் எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டு, பேனாவை மூடி, அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஆண்பிள்ளைகள் கழிப்பறைக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். கதவோரத்துக் கடைசி பெஞ்சு அதற்காகத்தான். திரும்பி வரும்போது கரும்பலகையில் பாதி அழிந்திருக்கும். அப்போது அவள் வலது கையை முஷ்டியாக மடக்கி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை ஒன்று விட்டு, அதைக் கண்ணில் வைத்துப் பலகையைப் பார்ப்பாள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

“என்னடி, மலை உச்சியில தீபம் தெரியுதா?” என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மா செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் ஒரு விடுதியில் அறை துடைக்கும் வேலை பார்த்தாள். அப்பா கொத்தனார். இரட்டையா என்று நான் கேட்டதும் அந்த அம்மா மறைக்கவே இல்லை. யாராவது கேட்பார்கள் என்று இத்தனை நாள் காத்திருந்தது போலச் சொன்னாள்.

“அவன்தாங்க டீச்சர் பெரியவன். மூணு வயசு ஜாஸ்தி. கைக்குழந்தையிலேருந்தே ஃபிட்ஸ். அஞ்சு வயசுல தனியா எப்படிங்க ஸ்கூலுக்கு அனுப்புறது? எங்கயாச்சும் விழுந்துட்டா? சரி, பாப்பாவுக்கும் அஞ்சு வயசு ஆவட்டும், துணைக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்த்துடலாம்னு வூட்லயே வெச்சிருந்தோம்.”

அப்போதிருந்த தலைமையாசிரியருக்கு எட்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தயக்கம். மேலே இருந்து கேட்பார்கள். அதனால் தங்கையின் பிறந்த தேதியையே அண்ணனுக்கும் எழுதிவிட்டார். “ரெட்டைன்னு இருந்துட்டுப் போவட்டும்மா, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது” என்றாராம். மதியச் சாப்பாட்டின்போது அவனுக்குத் தன் கையாலேயே ஊட்டிய மனிதர் அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நல்லவர்கள் செய்த தப்பைத் திருத்துவதுதான் கஷ்டம். திட்டுவதற்கு ஆள் கிடைக்காது.

உண்மையான தேதி அந்த வீட்டில் பத்திரமாக இருந்தது. பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அதே தேதியோடு ஆதார். பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் அவன் தங்கையோடு பிறந்திருந்தான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் என்னென்ன கிடைக்கும் என்று நான் விரல் விட்டுச் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவில்லை.

“அட்டையெல்லாம் வேணாங்க டீச்சர். நாளைக்கு இந்தப் பொண்ணைக் கேட்டு வர்றவன் அதைத்தான் முதல்ல பார்ப்பான். எங்க வூட்ல இப்படின்னு நாங்களே சீல் குத்தி வாங்கிக்கணுமா?”

“அவளுக்குப் பதினொரு வயசுதாங்க ஆவுது.”

“வயசு நிக்குங்களா?”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இந்த மனிதர் ஒரே பொய்யை வைத்துக்கொண்டு ஐந்தாறு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுந்து வந்தேன். அந்த நேரமெல்லாம் அவள் அடுப்பங்கரை வாசலில் நின்று, அண்ணனுக்கு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கும். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. வாரம் ஒருமுறை போவேன். அவனுக்குச் சட்டைப் பித்தான் போடச் சொல்லிக்கொடுத்தேன், காசு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், பஸ் நம்பர் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொன்றையும் முதலில் அவளைச் செய்யச் சொல்வேன். அவளைப் பார்த்தால்தான் அவன் செய்வான். “ரொம்ப சமத்து” என்று பதிவில் எழுதுவேன். அவனைப் பற்றிய பதிவில்தான் எழுதினேன். அவளுக்கென்று பக்கம் கிடையாது.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை தொடங்கி அரை மணி நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்து பெஞ்சிலிருந்து விழுந்தான். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். தேர்வு அறையில் இருந்த ஆசிரியர் சாவிக்கொத்தைத் தேடினார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடைவாயைத் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு வெளியே வராந்தாவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தூங்கி எழும்வரை உட்கார்ந்திருந்தாள். விடைத்தாள் உள்ளே இருந்தது. மணி அடித்துவிட்டார்கள். நான் அடுத்த நாள் போனபோது கணக்கு ஆசிரியர் அந்தத் தாளைக் காட்டினார். மூன்று கணக்கு போட்டிருந்தாள், மூன்றும் சரி.

எனக்கு வந்த கோபத்தை அடக்கத் தெரியவில்லை. அப்பா பள்ளிக்கு வரமாட்டார் என்று தெரியும். வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டும் இடத்தில் வேலை செய்கிறார் என்று விசாரித்து நேரே அங்கே போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். அந்த விடைத்தாளின் நகல் என் பையில் இருந்தது, எடுத்து நீட்டினேன். கையிலிருந்த சிமெண்டைக் கழுவிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். மூன்று கணக்குக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பண்ணணும் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

சொன்னேன். நகரத்தில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அவன் வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேன் வந்து கூட்டிப்போகும். ஆனால் அடையாள அட்டை வேண்டும். அட்டையில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றில் இன்னொரு தேதியும் இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது; அதனால் பள்ளித் தேதியைத் திருத்த வேண்டும். திருத்தினால் இரட்டை என்ற பேச்சு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அவள் மட்டும் போவாள்.

“அவ இல்லாம அவன் இருக்க மாட்டாங்க.”

“அவன் இல்லாம அவ கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டுமே.”

அந்தப் பதிலை நினைத்து நான் கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மருத்துவ மதிப்பீட்டு முகாம் நகரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள். கிரிவலக் கூட்டத்துக்காக வழக்கம்போல் பஸ்ஸை ஊருக்கு வெளியே எங்கோ நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஒரு பெரிய அறையில் மேசை மேசையாக டாக்டர்கள். டோக்கன் வாங்கி, ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். அவள் அவன் கையை விடவே இல்லை.

மனநல டாக்டர் பொறுமையான பெண்மணி. அவனிடம் நிறம் கேட்டார், கிழமை கேட்டார், பிறகு பக்கத்தில் நின்றவளைக் காட்டி, “இது யாருப்பா?” என்றார்.

“அக்கா.”

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “யாரும்மா பெரியவங்க?”

“அவன்தாங்க பெரியவன்” என்றாள் அம்மா. “இவளை எல்லாரும் ‘உங்க அக்காவைக் கூப்பிடு, உங்க அக்காகிட்ட கேளு’ன்னே சொல்லி, அவனும் அப்படியே கூப்பிடுறான்.”

டாக்டர் எதையோ எழுதினார். நான் அடுத்த மேசைக்கு அவசரப்படுத்தினேன்.

அடுத்தது கண். ஐந்தாறு வரிகளில் ஆங்கில E எழுத்து பல பக்கம் திரும்பியிருக்கும் அட்டை; எழுத்து தெரியாத பிள்ளைகள், அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். அவனுக்கு அது புரியவில்லை. அட்டையைப் பார்க்காமல் பரிசோதனை செய்ய வந்தவரின் பேனாவையே பார்த்தான்.

“நீ முதல்ல காட்டுடி, உன்னைப் பார்த்துச் செய்வான்” என்று நான் வழக்கம்போல் அவளை முன்னால் தள்ளினேன்.

அவள் போய்க் கோட்டில் நின்று, இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். பெரிய E-யைச் சரியாகக் காட்டினாள். இரண்டாவது வரியும் சரி. மூன்றாவது வரியில் தயங்கினாள். கை தானாக மடங்கி, முஷ்டியாகிக் கண்ணுக்குப் போனது.

“கையை எடும்மா” என்றார் அவர். எடுத்தாள். இடம், வலம் என்று தோன்றியதைக் காட்டினாள். எல்லாம் தப்பு. இன்னொரு கண்ணை மூடச் சொன்னார். அதுவும் அப்படித்தான். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பையனை அப்புறம் பார்க்கலாம் டீச்சர். இந்தப் பொண்ணு கிளாஸ்ல போர்டைப் பார்த்து ஒரு எழுத்துகூடப் படிச்சிருக்காதே. யாரும் கவனிக்கலயா?”

கண்ணிருந்தும் குருடு என்ற பேச்சை என் வேலையில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது; பிறர் சொன்னால்கூட நான் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு எனக்கு அதைத் தவிர வேறொன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டரை வருடம் வாராவாரம் அந்த வகுப்பு வாசலில் நின்றவள் நான். பிள்ளைகளின் குறையைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். அவள் முஷ்டி வழியாகப் பார்த்ததைக் கேலி செய்து, வகுப்பைச் சிரிக்கவைத்தவள்.

அம்மா அவனோடு அடுத்த டோக்கனுக்குக் காத்திருந்தபோது அவளை வெளியே கூட்டிப்போனேன். குழாயடியில் நின்று முகம் கழுவினாள்.

“பள்ளிக்கூடத்துக்குக் கண் டெஸ்ட் பண்ண வந்தாங்களேடி. அப்பவே ஏன் சொல்லல?”

“ரெண்டு தடவையும் நான் அவன்கூட வெளியில இருந்தேன் மிஸ். உள்ள வந்து பார்த்தா முடிஞ்சிடுச்சுன்னாங்க.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவள் முகத்தைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள். அவ்வளவு கோபத்தை அந்தச் சின்ன முகத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

“எப்ப மிஸ் சொல்றது? நீங்க வந்தா அவன் மாத்திரை போட்டானா, அவன் எழுதினானா, அவனுக்கு எப்ப வந்துச்சுன்னுதான கேப்பீங்க? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நீ சாப்டியான்னு கேட்டது இல்ல. இப்பகூட அவனுக்குக் காட்டத்தான என்னை நிக்க வெச்சீங்க?”

மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அதையும் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. பிறகு, இத்தனை நாள் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். தேதியைத் திருத்தி அவனை மையத்துக்கு அனுப்புவதில் உனக்குச் சம்மதமா என்று.

ரொம்ப நேரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“தெரியல மிஸ். அவன் போனா நான் முன்னாடி பெஞ்சுல உக்காரலாம். அது நல்லாதான் இருக்கும். ஆனா அப்படி நினைச்சா அழுகையா வருது.” குழாயை இறுக்கி மூடிவிட்டுச் சொன்னாள்: “எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு சொல்லிக்கவே தோணினதில்ல. டேய்னுதான் கூப்பிடுறேன். பொறந்ததிலேருந்து அப்படித்தான். பேப்பர்ல மாத்திட்டா, நான் தங்கச்சி ஆயிடுவேனா?”

“நீ எப்பவும் தங்கச்சிதாண்டி” என்றேன். அதற்கு மேல் பேசினால் நானும் அழுதிருப்பேன்.

அட்டை கிடைத்தது. தேதியைத் திருத்துவதுதான் பெரிய பேஜார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது போல, கையெழுத்துப் போடுகிறவர் இருந்தால் ஃபைல் இல்லை, ஃபைல் இருந்தால் அவர் மீட்டிங்கில். இப்போதைய தலைமையாசிரியருக்கு, பழைய தப்பு தன் தலையில் விடியுமோ என்ற பயம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள். மூன்று திங்கட்கிழமை நானும் அந்த அப்பாவும் வரிசையில் நின்றோம். ‘இவர்கள் இரட்டையர் அல்ல, மூத்தவன் என் மகன், தேதி தவறாகத் தரப்பட்டது என் விருப்பத்தின்பேரில்’ என்று அவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, “பொண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்குங்க டீச்சர்” என்றார். “தெருவுல நின்னு மலையைப் பார்த்துனே இருக்கு. மரமெல்லாம் தனித்தனியா தெரியுதாம்.”

கல்யாணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்றே மையத்து வேனும் முதல்முறை வந்தது. நான் போகவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் போனேன். தெருமுனையில் நால்வரும் நின்றிருந்தார்கள். அவன் புதுச் சட்டை. பித்தான்களை அவனே போட்டிருந்தான், ஒன்று மாறியிருந்தது. அவள் ஒன்பதாம் வகுப்புச் சீருடையில், கண்ணாடியோடு, கொஞ்சம் வேறு ஆள் மாதிரி இருந்தாள்.

வேன் கதவு திறந்ததும் அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “அக்கா, வா.”

“நான் வரல. நீ மட்டும் போ.”

“அக்கா வா.” குரல் ஏறியது. அம்மா கெஞ்சினாள். அப்பா அவன் தோளைப் பிடித்து ஏற்றப் பார்த்தார்; அவன் உதறினான். வேனில் வந்த ஆயா கீழே இறங்கிப் பேசிப் பார்த்தாள். நான் பையைத் திறந்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஸ்டேப்ளரும் கோந்தும்தான் இருந்தன. இன்றைக்கு மட்டும் அவளும் ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்றைக்கு ஏறினால் நாளைக்கும் ஏற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் அவன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். மாறிப்போயிருந்த பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“அண்ணா” என்றாள். “ஏறுண்ணா.”

அவன் அழுகையை நிறுத்திவிட்டான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.